கயோட்டிக்கு எந்தத் தோட்டா?

கயோட்டி என்னும் பெயர் மெக்ஸிகோவின் நாவாட்டில் மொழியில் பிறந்து, ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 1872இல் வெளியான ‘ரஃபிங் இட்’ நூலில் மார்க் ட்வைன் இவ்விலங்கைக் கேலியும் இரக்கமும் கலந்து வருணித்தார். அமெரிக்கப் பூர்வகுடிக் கதைகளிலோ அது தந்திரசாலி, சில இடங்களில் உலகைப் படைத்தவர்களுள் ஒருவர். இதே விலங்கை வீழ்த்த ஏற்ற தோட்டா எது என்ற தேடல் தனியொரு வரலாறாக வளர்ந்ததை நாம் இங்கே சற்றுப் பார்க்கலாம்.

1915இல் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஆடுமாடுகளைக் கொல்லும் ஊனுண்ணிகளை ஒழிக்க அமெரிக்கக் காங்கிரஸ் நிதி ஒதுக்கியது. அதே ஆண்டில் சார்ல்ஸ் நியூட்டன் வடிவமைத்த .250-3000 சாவேஜ் தோட்டா சந்தைக்கு வந்தது. பெயரிலுள்ள 3000, நொடிக்கு 3000 அடி என்ற வேகத்தைக் குறிப்பது.

வேகத்தின் மீது ஏன் இத்தனை மோகம்? கயோட்டி சிறிய உடலும் மிகுந்த எச்சரிக்கையும் கொண்டது. திறந்த புல்வெளியில் அதை நெருங்குவது அரிது. குழலை விட்டு நீங்கிய கணம் முதல் குண்டு தரையை நோக்கி விழத் தொடங்குகிறது. தொலைவைக் கண்ணால் மட்டுமே மதிப்பிட்ட அக்காலத்தில், வேகமான குண்டு குறைவாகவே விழும் என்பதால் மதிப்பீட்டுப் பிழை பொறுத்துக்கொள்ளப்பட்டது. மேலும், இலேசான மெல்லுறைக் குண்டு உடலுக்குள்ளேயே சிதறிவிடும். தோலில் பெரிய துளை விழாது. மரணமும் விரைந்து நேரும்.

1930இல் வின்செஸ்டர் .22 ஹார்னெட் தோட்டாவை விற்கத் தொடங்கியது. ஆனால் தொலைவு கூடினால் அதன் ஆற்றல் தளர்ந்தது. 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட், 48 கிரெய்ன் குண்டை நொடிக்கு 4110 அடி வேகத்தில் செலுத்துவதாக விளம்பரம் பெற்றது. குழலை விரைவில் தேய்த்துவிடும் என்ற அவப்பெயரும் உடன் வந்தது. இதனிடையே தனிக் கைவினைஞர்கள் சாவேஜ் தோட்டாக்கூட்டின் கழுத்தை 22 அளவுக்குக் குறுக்கி, சொந்தமாகத் தோட்டா செய்துகொண்டிருந்தனர். அதுவே .22-250. ரெமிங்டன் அதைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது 1965இல்தான். பட்டறையில் பிறந்தது ஆலைக்குள் நுழைய ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆயின. 1950இல் வந்த .222 ரெமிங்டன் துல்லியத்துக்குப் பேர்பெற்றது, அதன் வழித்தோன்றலான.223, இராணுவ ரைஃபிளுக்காக உருவாக்கப்பட்டுப் பின் வேட்டைக்காரர் கைக்கும் வந்தது. மிதமான தொலைவுக்கு .223, திறந்தவெளியின் நெடுந்தொலைவுக்கு .22-250 என்பதே இன்றும் பலரின் தேர்வு.

இத்தனை தோட்டாக்களுக்கும், இவற்றைவிடக் கொடிய நஞ்சுகளுக்கும் பின் நடந்தது என்ன? 1972இல் கூட்டரசு நிலங்களில் அந்நஞ்சுகளுக்கு அதிபர் நிக்ஸன் தடை விதித்தார். மேற்குப் புல்வெளிகளுக்கு உரியதாயிருந்த கயோட்டியோ, ஓநாய் ஒழிக்கப்பட்ட காடுகளில் புகுந்து அட்லாண்டிக் கரை வரை பரவிவிட்டது.

ஆகவே ‘பயனுள்ள தோட்டா’ என்ற சொல்லை நாம் அளவோடு பயன்படுத்த வேண்டியிருக்கிறது. எதிரே நிற்கும் ஓர் உயிர் காயத்தோடு ஓடி நாள்கணக்கில் சாகாமல், ஒரே நொடியில் வீழ உதவுமானால் அது பயனுள்ளதுதான். ஆட்டுக்குட்டியை இழந்த இடையருக்கு அதன் தேவையும் உண்மையானது. ஆனால் ஓர் இனத்தையே ஒழிக்கலாம் என்ற எண்ணத்துக்கு எந்த வேகமும் போதவில்லை.