கொல்லைத் தோட்டம்

வீட்டின் பின்புறம் கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையே கிடக்கும் சிறு நிலத்தில் காய்கறி, கீரை, மூலிகை, பூ ஆகியவற்றை வீட்டுத் தேவைக்காகக் கலந்து வளர்ப்பது கொல்லைத் தோட்டம். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் புழக்கடைத் தோட்டம் என்பர். வயலில் ஒரே பயிர் நிரம்பியிருக்கும். இங்கோ மரத்தடியில் செடி, செடியோரம் கீரை, வேலிமேல் கொடி எனப் பல உயரங்களில் பயிர்கள் நிற்கும். ஒரு சென்ட் (சுமார் 435 சதுர அடி) இடம் போதும். ஆனால் நாளுக்கு 6 மணி நேர வெயில் விழாத இடத்தில் கத்தரியும் வெண்டையும் சரியாகக் காய்க்கா.

வீட்டுத் தண்ணீரை நம்பியே இத்தோட்டம் நிலைக்கிறது. குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் பாயும். சோப்பு கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடக் கூடாது; அதிலுள்ள உப்பு மண்ணில் தங்கிப் பயிரைக் கெடுக்கும். காய்கறித் தோலும் உதிர்ந்த சருகும் குழியில் மக்கி எருவாகும்.

விதைப்புக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் உகந்தவை. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாளில் பிடுங்கி நடுவர். வெண்டையை நேரடியாக ஊன்றலாம். பந்தல் அவரையின் நாட்டு ரகங்கள் பொழுது குறுகும் நாட்களில்தான் பூவெடுக்கும். அதனால் ஆடியில் ஊன்றிய கொடி மார்கழி, தையில் காய்க்கும். அதையே தையில் ஊன்றினால் கொடி மட்டும் படரும். பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் கொடிகளில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அடியில் பிஞ்சு தாங்கிய பெண் பூக்கள் பின்னால் வரும். தேனீ வராத கொல்லையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினால் பிஞ்சு பிடிக்கும். புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் நேராக நீளும்.

சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்கப்படும். அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் தழைப்பது. சிறிய இடத்துக்கு அதுவே மேல். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையும் என்பதால் வாசலை ஒட்டி நடுவதில்லை. கறிவேப்பிலை விதையைப் பழம் கறுத்ததும் ஊன்றிவிட வேண்டும். உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, பிரண்டை ஆகியவை அதிகக் கவனிப்பை வேண்டாதவை.

பூக்களில் மல்லிகைக்குக் கவாத்து இன்றியமையாதது. நவம்பர் இறுதியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் பங்குனியில் மொட்டு கட்டும். வெட்ட மனம் வராதவர்களுக்கு இலைதான் மிஞ்சும். துலுக்கச் சாமந்தியின் வேர் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைப்பதால், அதைக் கத்தரி, தக்காளி வரிசைகளுக்கிடையே நடுவது நல்லது.

அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டர் நீரில் 3 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கொல்லைகளில் செம்பருத்தியையும் மரவள்ளியையும் சேர்த்துத் தாக்கியது. பூச்சிமருந்துக்கு அடங்காத அதனை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் கட்டுப்படுத்தின. கண்ட பூச்சிக்கெல்லாம் கடும் மருந்து அடித்தால் இத்தகைய நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும்.

அடுத்த பட்டத்துக்கான விதைக்கு, நோயற்ற செடியில் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் முற்றவிடுவது வழக்கம். ஒரே இனப் பூசணியில் இரண்டு ரகங்களை அருகருகே வளர்த்தால் மகரந்தம் கலந்து, அவ்விதையில் தாய் ரகத்தின் குணம் மாறும். ஆகவே விதைக்கு விடும் பருவத்தில் ஒரு ரகத்தை மட்டும் ஊன்ற வேண்டும்.