கொழும்பின் குப்பையும் அருவக்காட்டின் குழிகளும்

கொழும்பு நகரைத் துப்புரவாக்குதல் என்பது நெடுங்காலம் குப்பையை அழிப்பதாக அன்றி, ஓரிடத்திலிருந்து அள்ளி வேறோரிடத்தில் குவிப்பதாகவே இருந்து வந்தது. புளூமெண்டல் குப்பைமேட்டுக்குப் பின் மீதொட்டமுல்லையில் வளர்ந்த குப்பைமேடு, 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளிலேயே சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதையடுத்து, கொழும்பின் குப்பையைப் புத்தளம் பகுதிக்குக் கொண்டுசெல்ல முன்பே பேசப்பட்டுவந்த அருவக்காட்டுத் திட்டம் விரைவுபெற்றது.

கலா ஓயாவின் கழிமுகத்துக்கும் வில்பத்துக் காட்டுக்கும் அருகிலுள்ள அருவக்காட்டில், மயோசீன் காலக் கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணக்கல்லைப் புத்தளம் சிமெந்துத் தொழிற்சாலைக்காக அகழ்ந்ததால் பெருங்குழிகள் உருவாகியிருந்தன. அவற்றில் ‘சுகாதார நிலநிரப்பு’ அமைக்கவும், அதாவது அடியில் நீர்புகா விரிப்பிட்டு, கழிவை அடுக்கடுக்காக மண்ணால் மூடி, வடியும் கசிவுநீரைத் தனியே சேர்த்துச் சுத்திகரிக்கவும், குப்பையைக் களனியிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவரவும் திட்டமிடப்பட்டது. காகிதத்தில் குறைகாண அரிய திட்டம்தான். ஆயினும் சுண்ணக்கல் நீரை எளிதில் கசியவிடும் பாறை என்பதால், நிலத்தடி நீரையும் புத்தளம் களப்பின் மீன்வளத்தையும் பற்றி மக்கள் கொண்ட அச்சம் நியாயமானதே. சிமெந்துத் தூசையும், 2011 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் ஏற்கெனவே சுமந்துவந்த புத்தளத்தார், ‘கிளீன் புத்தளம்’ என்ற பெயரில் 2018இல் தொடர் போராட்டத்தில் இறங்கினர். எனினும் 2019 ஆகஸ்டில் கொழும்பின் குப்பை லொறிகளில் அருவக்காட்டை வந்தடைந்தது.