ஃப்ரெஞ்ச் கதவில் இரண்டு வரிகள்

அமெரிக்க வீட்டுப் புதுப்பிப்பு வீடியோக்கள் பார்க்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தோட்டத்துப் பக்கம் இருக்கிற பழைய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவைக் கழற்றிட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் திறக்கும் ஃப்ரெஞ்ச் கதவை மாட்டுவாங்க. அதன் 'கிளாசிக்' தோற்றத்துக்கு முக்கியக் காரணம், கண்ணாடியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சட்டங்கள். இன்னைக்கு எபிசோட் அந்தக் கோடுகளைப் பற்றித்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'கதவு-ஜன்னல்' என்றே சொல்கிறார்கள். தரை வரைக்கும் இறக்கிய ஜன்னல். அது வழியாகவே தோட்டத்துக்கு நடந்து போகலாம். 17-ஆம் நூற்றாண்டில் இது பெரிய ஆடம்பரம். அப்போது ஜன்னல் கண்ணாடியை ஊதித்தான் செய்யணும். வெட்டி எடுத்தால் சின்னத் துண்டுகள்தான் தேறும். பெரிய கதவு வேணும்னா, துண்டுகளைச் சட்டத்தில் கோர்க்க வேண்டியதுதான். கட்டம் அழகுக்காக வரல, வேறு வழியில்லாமல் வந்தது.

ராஜாவுக்கும் இதே கதைதான். 14-ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர், 1665-ல் ஓர் அரச கண்ணாடி நிறுவனத்தைத் தொடங்கி, வெனிஸ் கைவினைஞர்களை வரவழைத்தார். 1684-ல் முடிந்த வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில், தோட்டம் பார்த்த 17 ஜன்னல்கள். எதிரே 17 வளைவுகளில் 357 ஆடிகள். ஆமாம், துண்டு துண்டாக ஒட்டியதுதான். அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் செயின்ட் கோபைன். நம்ம ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே கம்பெனி!

தமிழில் கோட்டுக்கும் வரி என்று பெயர், அரசு வாங்கும் பணத்துக்கும் வரி என்று பெயர். பிரான்ஸ் கதவில் இந்த இரண்டாவது வரியும் உண்டு. புரட்சிக்குப் பின், 1798-ல், கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் வரி போட்டார்கள். தெரு, முற்றம், தோட்டம் பார்த்த திறப்புகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். வருமானத்தை விசாரிக்கத் தேவையில்லை. வெளியே நின்று எண்ணினாலே கணக்கு முடிந்தது. நிர்வாகத்துக்கு ரொம்ப வசதி. ஆனால் வரிக்குப் பயந்து ஏழைகள் திறப்புகளைக் குறைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து குறைந்தன. விக்டர் யூகோவின் 'லே மிசராப்ல' நாவலில் ஆயர் இதைத்தான் மனம் நொந்து பேசுகிறார். இந்த வரி நீங்கியது 1926-ல்.

விலைப் பிரச்சினையும் 20-ஆம் நூற்றாண்டில் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் என்பவர் நடுத்தர வர்க்கத்துக்காகச் சுமார் 11,000 வீடுகள் கட்டினார். தோட்டத்துப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கூடவே ஸ்லைடிங் கதவு. 1959-ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தயாரிக்கும் 'ஃப்ளோட்' முறையை அறிவித்தது. அதற்குப் பிறகு, பெரிய கண்ணாடி சாதாரண வீட்டுப் பொருளாகிவிட்டது.

கோடு போனதும் புதுச் சிக்கல் ஒண்ணு வந்தது. கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியல. ஓடி வந்த குழந்தைகள் அதில் மோதினார்கள். பழைய வகைக் கண்ணாடி கத்தி போல உடையும். 1977-ல் அமெரிக்க அரசு இத்தகைய கதவுகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கியது. கட்டங்கள் அதுவரை 'இங்கே கண்ணாடி இருக்கு' என்று எச்சரிக்கும் வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

இன்று மாட்டும் ஃப்ரெஞ்ச் கதவுகள் பலவற்றில் கண்ணாடி முழு அகலத்துக்கு இருக்கு. கோடுகள் மேலே ஒட்டியவை. நாங்கள் எழுதும் சாஃப்ட்வேரில் 'சேவ்' பட்டனுக்கு இன்னும் ஃப்ளாப்பி டிஸ்க் படம் இருக்கிற மாதிரிதான். பொருள் போனாலும் அடையாளம் தங்கிவிட்டது.

அதுக்காக மாற்றுவது வீண்னு சொல்லல. ஆறடித் திறப்பில் இரட்டை ஸ்லைடிங் கதவு பாதிதான் திறக்கும். ஃப்ரெஞ்ச் கதவு கிட்டத்தட்ட முழுசா திறக்கும். ஆனால் கதவு சுழல இடம் விடணும். சோஃபாவில் இடிக்குமான்னு முதலில் அளந்து பாருங்க.

கோடு வேணுமா, வேண்டாமா என்பது இப்போ நம்ம ரசனை. வெளிச்சத்துக்கே கணக்குப் பார்த்து ஜன்னலைக் குறைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!