தன்னனுபவப் படைப்பு

எழுத்தாளரோ ஓவியரோ சிற்பியோ தாம் வாழ்ந்த வாழ்விலிருந்து பொருள் எடுத்து ஆக்கும் கதை, நாவல், ஓவியம், சிற்பம் முதலியவை தன்னனுபவப் படைப்புகள் எனப்படும். தன்வரலாறு நடந்ததை நடந்தபடி சொல்ல முனைகிறது. தன்னனுபவப் படைப்பில் ஆசிரியர் ஆட்களை மாற்றலாம், இரு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கலாம், முக்கியமான ஒன்றைச் சொல்லாமலும் விடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி 1977இல் தம் நாவல் ஒன்றைக் குறிக்க ‘ஆட்டோஃபிக்ஷன்’ என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் அதைத் தன்புனைவு என்கிறார்கள். சொல்தான் புதிது, வழக்கம் மிகப் பழையது.

அனுபவம் படைப்பாகும் முறை

பெரும்பாலும் இது மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவது சேமிப்பு: நாட்குறிப்பு, கடிதம், கோட்டோவியம், அல்லது வெறும் நினைவு. இரண்டாவது கழித்தல்: நினைவில் உள்ளதில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, பிறருக்கும் பொருள்படக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்வது. மூன்றாவது, அந்த அனுபவத்துக்கு உரிய வடிவத்தைக் கண்டடைவது. இந்த மூன்றாவது படிதான் கடினமானது; சிலருக்கு அது பல ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது.

எழுத்தில்

அசோகமித்திரன் (1931–2017) செகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத் நிஜாம் அரசின் ரயில்வேயில் பணிபுரிந்ததால், லான்சர் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் வளர்ந்தார். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது அவருக்குப் பதினேழு வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த நாட்களை வைத்து அவர் எழுதிய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977இல்தான் வெளிவந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

நாவலின் நாயகன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆட ஆசைப்படும் மாணவன். அவனைச் சுற்றி ஓர் அரசு வீழ்கிறது. ஊரில் பயம் பரவுகிறது. கதை சில இடங்களில் ‘நான்’ என்றும், சில இடங்களில் ‘சந்திரசேகரன்’ என்றும் நகர்கிறது. எழுதும் நடுவயதுக்காரர் ஒரு சமயம் அந்தப் பையனாகவே இருக்கிறார்; ஒரு சமயம் சற்றுத் தள்ளி நின்று அவனைப் பார்க்கிறார். தன் கதையைச் சொல்வதிலுள்ள நெருக்கமும் விலகலும் இந்தத் தன்மை–படர்க்கை மாற்றத்திலேயே பதிந்துவிடுகின்றன. ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை அவர் வேலை பார்த்த அனுபவம் ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்கு அடிப்படையானது. அதிலும் தன்னை முன்னிறுத்தாமல், படப்பிடிப்பைச் சுற்றி உழைக்கும் சாதாரண மனிதர்களை முன்னிறுத்தினார்.

எல்லாருக்கும் நீண்ட இடைவெளி தேவைப்படுவதில்லை. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய சிறிது காலத்திலேயே தலித் எழுத்தாளர் பாமா எழுதிய ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள, ரம்பம் போன்ற விளிம்பு. சிறுவயதில் விறகு பொறுக்கப்போனபோது தம்மைக் கீறிய அந்தக் கருக்கையே, சாதி தந்த காயத்துக்கும் சாதியை அறுக்கும் கூர்மைக்கும் சேர்த்துப் பெயராக வைத்தார். ஊர்ப் பேச்சிலேயே நூல் முழுவதையும் எழுதியது அவர் கண்டடைந்த வடிவம்.

சிற்பத்திலும் ஓவியத்திலும்

அனுபவம் வடிவம் பெற எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் (1867–1945) ‘துயருறும் பெற்றோர்’ சிற்பத்தைவிடத் தெளிவான சான்று அரிது. அவருடைய இளைய மகன் பீட்டர் 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பதினெட்டு வயதில் தாமாக முன்வந்து படையில் சேர விரும்பினார். வயது போதாததால் தந்தையின் சம்மதம் தேவைப்பட்டது. தயங்கிய கணவரிடம் மகனுக்காகப் பேசிச் சம்மதம் பெற்றுத்தந்தவர் கேத்தே. அந்த அக்டோபரிலேயே பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார்.

சில வாரங்களுக்குள் தாய் ஒரு நினைவுச் சின்னத்தைத் திட்டமிடத் தொடங்கினார். முதல் திட்டத்தில் நடுவே மகனின் உடல் கிடந்தது. தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பல ஆண்டுகள் முயன்றும் அது கைகூடவில்லை. 1919இல் கைவிட்டார். அந்த இடைவெளியில் அதே துயரம் ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்கு அச்சோவியங்களாக வெளிப்பட்டது. பிறகு மீண்டும் சிற்பத்துக்குத் திரும்பினார். 1932இல் பெல்ஜியத்தின் ரொக்கெவெல்டெ படைவீரர் இடுகாட்டில் அது நிறுவப்பட்டபோது கேத்தேவுக்கு அறுபத்தைந்து வயது. பின்னர் கல்லறைகளோடு சேர்த்து அதுவும் விளாட்ஸ்லோ இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது.

நிறைவுற்ற சிற்பத்தில் மகன் இல்லை. தனித்தனிப் பீடங்களில் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். தந்தை இரு கைகளாலும் தம்மையே இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் குனிந்து ஒடுங்கியிருக்கிறார். இருவருக்கும் இடையே வெற்றிடம். எதிரே வரிசையாகக் கல்லறைகள். மகனின் உருவத்தை நீக்கிய பிறகே, ஒரு வீட்டின் இழப்பு அங்கே புதைக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெற்றோருக்கும் உரியதாயிற்று.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ வேறு வழியில் சென்றார். 1925 செப்டம்பர் 17 அன்று அவர் சென்ற பேருந்துமீது டிராம் மோதியது. முதுகெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கட்டிலுக்கு மேலே பொருத்தப்பட்ட கண்ணாடியில் தம்மைப் பார்த்தே வரைந்து பழகினார். 1944இல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தில் பிளந்த உடலுக்குள் முதுகெலும்புக்குப் பதிலாகச் சிதைந்த கல்தூண் நிற்கிறது, தோலெங்கும் ஆணிகள். வலியை விளக்காமல், கண்ணால் காணும் பொருளாக்கியது அவர் முறை.

ஒருவரின் அனுபவத்தோடு இம்முறை நின்றுவிடுவதில்லை. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், இலங்கை உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்தவர்களைத் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்த வரைபடங்களும் அவற்றைத் தொடர்ந்து அவர் வரைந்த சித்திரங்களும் 2011இல் ஒரு நூலாயின. ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. பலரின் தனி நினைவுகள் இங்கே ஒரு சமூகத்தின் பதிவாகின்றன.

விவாதங்கள்

தன் வாழ்வை எழுதுபவர் தவிர்க்க முடியாமல் பிறர் வாழ்வையும் எழுதுகிறார். பெற்றோரும் துணையும் ஊராரும் தங்களை அடையாளம் கண்டு காயப்படலாம். ‘கருக்கு’ வெளிவந்தபோது பாமாவின் சொந்த ஊரிலேயே முதலில் எதிர்ப்பு எழுந்தது. பெயரை மாற்றினால் மட்டும் இச்சிக்கல் தீர்வதில்லை. மறுபுறம், ஒடுக்கப்பட்டோர் தம் அனுபவத்தைத் தாமே எழுதுவது வரலாறு வெறுமையாக விட்ட இடத்தை நிரப்புகிறது. அதன் தேவையை மறுக்க இயலாது.

மதிப்பீடு

துன்பம் பெரிதாக இருப்பதால் மட்டும் படைப்பு பெரிதாகிவிடுவதில்லை. அசோகமித்திரனின் ‘நான்–அவன்’ மாற்றம், பாமாவின் ஊர்ப்பேச்சு, காலோவின் கல்தூண், கோல்விட்ஸின் வெற்றிடம் ஆகிய நான்கும் தேடி அடைந்த வடிவங்கள். அனுபவம் எல்லாருக்கும் வாய்க்கிறது. அதற்குரிய வடிவம் கிடைக்கும்வரை அதைக் கைவிடாதவரே அதைப் பிறருக்கும் உரியதாக்குகிறார்.