பணிநிலைய மடிக்கணினி

பணிநிலைய மடிக்கணினி என்பது பொறியியல் வரைவு, முப்பரிமாண வடிவமைப்பு, தகைவுக் கணிப்பு, நிகழ்படத் தொகுப்பு போன்ற கடினமான தொழில்முறைப் பணிகளுக்கென உருவாக்கப்படும், பெரிய திரை கொண்ட மடிக்கணினி ஆகும். வடிவமைப்பு அலுவலகங்களில் மேசை மீது நிலையாக வைத்துப் பயன்படுத்தப்படும் பணிநிலையக் கணினியின் திறனைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க வடிவில் தருவது இதன் நோக்கம். பார்வைக்கு விளையாட்டு மடிக்கணினியை ஒத்திருந்தாலும், இதன் சிறப்பு உச்ச வேகத்தில் இல்லை. பல மணி நேரம் தொடர்ந்து, பிழையின்றி, ஒரே சீராகப் பணியாற்றுவதே இதன் சிறப்பாகும்.

இந்தச் சீர்மை கணினியின் உறுப்புகளை மட்டும் சார்ந்ததன்று. கணினி பயன்படுத்தப்படும் இடத்தையும் சார்ந்தது. வெப்பம், ஈரம், உப்புக்காற்று, ஆலைப்புகை, தூசு ஆகியவை ஒருங்கே அமைந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1980களில் அப்பல்லோ, சன், சிலிக்கான் கிராபிக்சு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் பொறியாளர் ஒருவர் தனியாகப் பயன்படுத்துவதற்கான ஆற்றல்மிக்க கணினிகளை விற்பனை செய்தன. இவை 'பணிநிலையம்' என அழைக்கப்பட்டன. 1990களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் டாட்போல் நிறுவனம் இசுபார்க் வகைச் செயலகம் கொண்ட 'இசுபார்க்புக்' என்ற கணினியை வெளியிட்டது. எடுத்துச் செல்லத்தக்க பணிநிலையங்களுள் இது முன்னோடியானது.

2000களின் தொடக்கத்தில் இன்டெல் செயலகமும் விண்டோசு இயக்குதளமும் கொண்ட வகைகள் பரவின. 2002 இல் வெளிவந்த ஐபிஎம் திங்க்பேட் ஏ31பி, 15 அங்குலத் திரையில் 1600 × 1200 படப்புள்ளிகளைக் கொண்டிருந்தது. ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவை 2005 இல் இலெனோவா வாங்கியது. அந்நிறுவனம் 2008 இல் வெளியிட்ட திங்க்பேட் டபிள்யூ700, 17 அங்குலத் திரையையும், விருப்பத் தேர்வாக வரைபலகையையும் வண்ண அளவீட்டுக் கருவியையும் கொண்டிருந்தது. இதன் மற்றொரு வகையான டபிள்யூ700டிஎசு, திரையின் பின்னிருந்து இழுக்கத்தக்க 10.6 அங்குல இரண்டாம் திரையைக் கொண்டிருந்தது. அதன் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். எடுத்துச் செல்லும் வசதியும் திறனும் ஒன்றையொன்று எவ்வளவு எதிர்க்கின்றன என்பதற்கு இக்கணினி நல்ல சான்றாகும்.

டெல் நிறுவனத்தின் பிரிசிசன் வரிசையும், எச்பி நிறுவனம் 2013 இல் தொடங்கிய இசட்புக் வரிசையும் இத்துறையில் பரவலாக அறியப்பட்டவை. வழங்கிகளில் பயன்பட்ட சியோன் வகைச் செயலகம் 2015 இல் மடிக்கணினிகளுக்கும் வந்தது. டெல் நிறுவனம் 2025 இல் பிரிசிசன் என்ற பெயரைக் கைவிட்டு 'டெல் புரோ மேக்சு' என்ற பெயரை ஏற்றது.

அமைப்பு

திரை

இவ்வகைக் கணினிகளின் திரை பொதுவாக 15 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். இந்த அளவு திரையின் மூலைவிட்டத்தைக் குறிக்கும். ஆகவே 15.6 அங்குலத் திரைக்கும் 17.3 அங்குலத் திரைக்கும் உள்ள வேறுபாடு எண்ணளவில் சிறிதாகத் தோன்றினாலும், பரப்பளவில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆகும்.

வரைவாளருக்குத் திரையின் அளவோடு அதன் பிரிதிறனும் முக்கியமானது. ஏ1 வரைதாளின் அளவு 594 × 841 மில்லிமீட்டர். 17.3 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 215 மில்லிமீட்டர். முழுத் தாளையும் திரையில் காட்டினால் 2.5 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து 0.9 மில்லிமீட்டராகச் சுருங்கும். திரை 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்டதாயின் அவ்வெழுத்துக்கு நான்கு அல்லது ஐந்து புள்ளிகளே கிடைக்கும். அதைப் படிக்க இயலாது. 3840 × 2160 படப்புள்ளிகள் கொண்ட திரையில் ஒன்பது புள்ளிகள் கிடைப்பதால் எழுத்தின் வடிவம் புலப்படும்.

வரைகலை அட்டையும் சான்றளிப்பும்

வரைவு மென்பொருள்களுக்கென இசைவாக்கப்பட்ட இயக்கிகளைக் கொண்ட வரைகலை அட்டைகள் இக்கணினிகளில் பொருத்தப்படுகின்றன. என்விடியாவின் குவாட்ரோ வரிசையும் ஏஎம்டியின் பயர்புரோ வரிசையும் நீண்டகாலம் வழக்கிலிருந்த பெயர்கள். பின்னர் இவற்றின் இடத்தை ஆர்டிஎக்சு, ரேடியான் புரோ ஆகிய பெயர்கள் பிடித்தன. ஆட்டோகேட், சாலிட்வொர்க்சு, கேட்டியா, ஆன்சிசு போன்ற மென்பொருள்களை உருவாக்கும் நிறுவனங்கள், குறிப்பிட்ட கணினியிலும் குறிப்பிட்ட இயக்கியிலும் தம் மென்பொருளைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. இவ்வகை அட்டைகளின் கூடுதல் விலைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நினைவகம்

பெரிய ஒட்டுவடிவங்களையும் கணிப்புகளையும் கையாள 64 அல்லது 128 கிகாபைட்டு நினைவகம் பயன்படுகிறது. சில வகைகளில் பிழைதிருத்தும் நினைவகம் உள்ளது. இது சேமிக்கப்பட்ட சொல்லில் ஒரு பிட்டு மாறினால் தானே திருத்தும். இரு பிட்டுகள் மாறினால் பிழை நேர்ந்ததைக் கண்டறியும். இரவு முழுவதும் ஓடும் தகைவுக் கணிப்பில் ஒரு பிட்டு மாறி, கணினி நின்றுவிட்டால் இழப்பு ஓர் இரவு மட்டுமே. நிற்காமல் தவறான விடையைத் தந்தால், அந்த விடையைக் கொண்டு ஓர் உறுப்பு வார்க்கப்படக்கூடும்.

மின்கலம்

பயணியர் வானூர்திகளில் 100 வாட்-மணிக்கு மேற்பட்ட இலித்தியம் மின்கலங்களைக் கொண்டு செல்ல நிறுவனத்தின் இசைவு தேவை. எனவே பெரும்பாலான மடிக்கணினிகளின் மின்கலம் இவ்வெல்லைக்குள் அமைகிறது. 95 வாட்-மணி மின்கலத்திலிருந்து 150 வாட் திறனை எடுத்தால் அது 38 நிமிடங்களே நீடிக்கும். இதனால் மின்கலத்தில் ஓடும்போது இக்கணினிகள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. முழுத்திறனுக்கு மின்னிணைப்பு இன்றியமையாதது.

வடசென்னைத் தொழிற்பகுதியில்

தொழிற்சூழல்

சென்னையின் வடகடற்கரை தென்னிந்தியாவின் பழமையான தொழிற்பகுதிகளுள் ஒன்று. 1948 இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்சு, 1955 முதல் அசோக் லேலண்ட் என்ற பெயரில் எண்ணூரில் இயங்குகிறது. இந்நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் அருகிலுள்ள வெள்ளிவாயல்சாவடியில் உள்ளது. திருவொற்றியூரில் 1955 இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வகை விசையுந்துகளைப் பொருத்தத் தொடங்கியது. மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. 2001 இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

வாகன உறுப்பு வடிவமைப்பு, குழாய்த்தொடர் வரைவு, துறைமுகக் கட்டுமானம் ஆகிய பணிகளில் வரைபடம் அலுவலகத்தில் பிறந்தாலும் அதன் சரிபார்ப்பு ஆலைத் தளத்திலோ கப்பல்துறையிலோ நிகழ்கிறது. மாதிரியை அவ்விடத்திலேயே திறந்து, அளவை ஒப்பிட்டு, திருத்தம் செய்ய வேண்டியுள்ளது. மேசைக் கணினியால் இயலாத இப்பணியே பணிநிலைய மடிக்கணினியின் தேவைக்கு அடிப்படையாகும்.

வெப்பம்

மடிக்கணினிகளின் இயங்கு வெப்பநிலையின் மேல் எல்லையாக உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 35 பாகை செல்சியசைக் குறிப்பிடுகின்றனர். சென்னையில் மே மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை இதைவிட மிகுதி. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானது. குளிர்சாதனம் இல்லாத தகரக்கூரைப் பட்டறையில் வெப்பம் இன்னும் கூடும்.

விசிறி வெளிக்காற்றைக் கொண்டே செயலகத்தைக் குளிர்விக்கிறது. ஆகவே சுமை மாறாதபோது, அறையின் வெப்பம் உயரும் அளவுக்குச் செயலகத்தின் வெப்பமும் உயரும். 25 பாகை அறையில் 85 பாகையில் ஓடும் செயலகம், 38 பாகை அறையில் 98 பாகையை எட்டும். பெரும்பாலான செயலகங்கள் 100 பாகையை ஒட்டித் தம் கடிகார வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதால், வாங்கிய திறனின் ஒரு பகுதி கோடையில் கிடைக்காமல் போகிறது.

ஈரமும் உப்பும்

கடற்காற்றில் கலந்துவரும் உப்புத்துகள்கள் ஈரத்தை ஈர்த்து, மின்சுற்றுப் பலகையின் மீது மின்கடத்தும் படலத்தை உருவாக்குகின்றன. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டியுள்ள இடங்களில் இது ஆண்டு முழுவதும் நிகழும்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. சென்னைக் கோடைக் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 25 பாகையை ஒட்டியது. 22 பாகை அறையில் இருந்த கணினியை உடனே வெளியே திறந்தால் அதன் உலோகப் பகுதிகளில் நீர்த்துளி படியும். கணினியைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்து, வெளிவெப்பத்தை அடைந்த பின் இயக்குவது இதைத் தவிர்க்கும்.

கந்தக வளிமங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் சில மின்சுற்றுப் பலகைகளுக்கு வெள்ளிப் பூச்சு இடப்பட்டது. கந்தக வளிமங்கள் மிகுந்த இடங்களில் வெள்ளியும் செம்பும் சல்பைடாக மாறி, அருகிலுள்ள தடங்களுக்கு இடையே படர்ந்து குறுக்குச் சுற்றை ஏற்படுத்துவது கண்டறியப்பட்டது. இது படர் அரிப்பு எனப்படுகிறது. ஐஎசுஏ 71.04 என்ற தரம், செம்புத் தகட்டில் ஒரு மாதத்தில் 300 ஆங்சுட்ராமுக்குக் குறைவான படலம் உருவாகும் சூழலை மென்மையான சூழல் என வகைப்படுத்துகிறது. சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் கட்டுப்பாட்டு அறைகளின் காற்று வடிகட்டப்படுவது இக்காரணத்தால்தான். மடிக்கணினிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

தூசு

நிலக்கரித் தூசு இராயபுரம் பகுதி மக்களின் நீண்டகால முறையீடாக இருந்தது. 2011 இல் நீதிமன்ற ஆணையை அடுத்து நிலக்கரி, இரும்புத்தாது கையாளுதல் சென்னைத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாறியது. எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதிகளில் அனல்மின் நிலையங்களின் நிலக்கரியும் சாம்பலும் தூசுக்குக் காரணமாகின்றன. இத்தூசு வெப்பச் செதிள்களின் இடைவெளியில் கம்பளம் போல் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கிறது.

மின்சாரம்

2012 இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மேசைக் கணினிக்குத் தனியாகத் தடையிலா மின்வழங்கி தேவை. மடிக்கணினிக்கு மின்கலமே அப்பணியைச் செய்கிறது. முழுத்திறனில் அரை மணி நேரமே நீடித்தாலும், செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதுமானது.

உடைமையும் செலவும்

பெரிய நிறுவனங்களில் இக்கணினிகள் நிறுவனத்தின் உடைமையாகவோ குத்தகையிலோ இருக்கும். ஒப்பந்த முறையில் பணிபுரியும் வரைவாளரும் சிறு பட்டறை உரிமையாளரும் தம் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியுள்ளது. இவர்களைப் பொறுத்தவரை கணினி பழுதானால் பணி நின்று, வருவாயும் நின்றுவிடும்.

இந்தியாவில் மடிக்கணினிக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2017 முதல் 18 விழுக்காடு. வணிகத்துக்காகப் பதிவுபெற்று வாங்குவோர் இதனை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிக்கான கணினித் தேய்மான வீதம் 2017 ஏப்ரல் முதல் 60 இலிருந்து 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆட்டோடெசுக்கு நிறுவனம் 2016 இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியதால், சில ஆண்டுகளில் மென்பொருளுக்கான செலவு கணினியின் விலையை மிஞ்சவும் கூடும்.

நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் கணினிகள் சென்னையில் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இவற்றை வாங்கும்போது மின்கலத்தின் மின்னேற்றச் சுழற்சி எண்ணிக்கை, கடவுச்சொல் பூட்டு, முழுச்சுமையில் வெப்பநிலை, இணைப்புத் துளைகளில் பச்சை நிறக் களிம்பு ஆகியவை சோதிக்கத்தக்கவை. களிம்பு இருப்பின் உள்ளே அரிப்பு தொடங்கியிருக்க வாய்ப்புண்டு.

பராமரிப்பு

* வெப்பச் செதிள்களையும் விசிறியையும் தூசு மிகுந்த இடங்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை தூய்மை செய்தல்.
* கணினியின் அடிப்பகுதியை மேசையிலிருந்து உயர்த்தி, காற்றுத் துளைகள் மூடப்படாமல் வைத்தல்.
* எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் கணினியில் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பைப் பயன்படுத்துதல். வெப்பமும் முழு மின்னேற்றமும் சேர்ந்தால் மின்கலம் விரைவில் தேய்ந்து உப்பக்கூடும்.
* நிலமிணைப்பு உள்ள மூன்று முனை மின்செருகியைப் பயன்படுத்துதல்.
* கோப்புகளின் ஒரு படியைக் கட்டடத்துக்கு வெளியே வைத்திருத்தல்.

பயனற்றுப்போன கணினி மின்னணுக் கழிவாகும். இந்தியாவில் இதற்கான விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

மாற்று வழிகள்

பணி பெரும்பாலும் ஓரிடத்திலேயே நடைபெறுமாயின், அதே விலைக்குக் கிடைக்கும் மேசைப் பணிநிலையம் கூடுதல் திறனையும் எளிதான பழுதுபார்ப்பையும் தரும். அதனுடன் எடைகுறைந்த மடிக்கணினியைச் சேர்த்து, தொலைவிலிருந்து பிணையம் வழியாக இயக்குவதும் வழக்கில் உள்ளது. இதற்குத் தடையில்லா இணைய இணைப்பு வேண்டும். ஆலைத் தளம், கப்பலின் உட்பகுதி போன்ற இரும்பு சூழ்ந்த இடங்களில் அலைபேசிச் சமிக்கை மெலிவதால் இம்முறை பயன்படாமல் போகலாம். மாதிரியைப் பணியிடத்துக்கே எடுத்துச் செல்ல வேண்டியவர்களுக்கு, எடையும் விலையும் மிகுந்திருப்பினும், பணிநிலைய மடிக்கணினியே பொருத்தமானதாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* மடிக்கணினி
* கணினி வழி வடிவமைப்பு
* வரைகலை அட்டை
* இலித்தியம் அயனி மின்கலம்
* காமராசர் துறைமுகம்
* எண்ணூர்