அரிப்புக் கடலும் மீன் ஒட்டுண்ணிகளும்

அரிப்பு என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது முத்தேயாம். மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள அவ்வூரில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் எச்சம் உண்டு. கண்டி மன்னனிடத்து ஏறக்குறைய இருபதாண்டு சிறையிருந்த உறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679ஆம் ஆண்டில் தப்பிவந்து அடைந்தது ஒல்லாந்தர் வசமிருந்த அக்கோட்டையையே. முத்துக்குளிப்பைப் பார்வையிடுதற்பொருட்டுத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய 'டொரிக்' மாளிகையின் இடிபாடுகளும் ஆங்குள்ளன.

இவற்றை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். ஆனால், அக்கடலின் மீன்களைப் பற்றி வாழும் சிற்றுயிர்கள் சிலவற்றை உலகம் அறிந்துகொண்ட வரலாறும் முத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடத்தலை அறிந்தார் சிலரே. அதனைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறால், நண்டு முதலியன அடங்கும் ஓட்டுடலிகளின் பெருங்குலத்திலே, தாமாக இரைதேடாது மீனுடலை அண்டிப் பிழைப்பனவும் பலவுள. அவற்றுட் பெரும்பாலன கொப்பேபோடா என்னும் துடுப்புக்காலிகள். தட்டையான உடலோடு மீனின் தோலின்மேல் ஊர்ந்து திரியும் கலிகஸ் இவ்வினத்தது. அதன் நெற்றியோரத்திற் பிறைவடிவான இரு உறிஞ்சிகள் உண்டு. செவுளிலும் தசையிலும் தலையைப் புதைத்து, முட்டைச் சரங்கள் இரண்டினை வெளியே தொங்கவிட்டுக் கிடக்கும் லேர்னீயா முதலியனவும் இவ்வினத்தனவே. அடுத்தது ஐசோபோடா என்னும் சமகாலிகள். இவற்றுள் சைமோதோவா என்பது மீனின் வாயினுள் நாவின்மீது அமர்ந்து குருதியுண்டு வாழ்வது. மூன்றாவது, மீன்பேன் எனப்படும் ஆர்குலஸ் இனம்.

இவற்றை மனிதன் கண்ணுற்றது பண்டைக்காலத்திலேயே எனலாம். சூரை மீனையும் வாள்மீனையும் தேள்போன்றதொரு சிற்றுயிர் துடுப்பருகே பற்றி வருத்துமென அரிஸ்டோட்டில் எழுதிவைத்தார். ஆயினும், இவை எவ்வினத்தைச் சார்ந்தவை என்பதிற் பேரறிஞரும் நெடுங்காலம் இடறினர். 1758ஆம் ஆண்டில் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ், லேர்னீயாவைப் புழுக்களோடு சேர்த்தார். பிரான்சியப் பேரறிஞர் கியூவியேயும் அதனைக் குடற்புழுக்களோடு வைத்தெண்ணினார். அவர்களைக் குறைகூறுதல் நேரிதன்று. காலும் கணுவும் இழந்து, வெறும் பைபோலவும் கயிறுபோலவும் ஆகிவிட்ட பெண்ணுயிரைக் கண்டார் எவர்தாம் அதனை நண்டின் சுற்றமெனக் கருதுவர்?

இம்மயக்கத்தை நீக்கியது முதிர்ந்த உடலன்று. முட்டையினின்று வெளிவந்த குஞ்சேயாம். பின்லாந்தில் பிறந்த நோர்ட்மன் என்பார் 1832இல் வெளியிட்ட ஆய்விலே, இவ்வுயிர்களின் இளம் பருவத்தைத் தெளிவாக விளக்கினார். மூவிணை உறுப்புகளால் நீந்தும் அக்குஞ்சு, கடலிற் சுயேச்சையாகத் திரியும் துடுப்புக்காலிகளின் குஞ்சையே முற்றும் ஒத்திருந்தது. ஆகவே புழுவெனப்பட்டது ஓட்டுடலியென ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. பின்னர், 1859இல், தோறெல் என்னும் சுவீடன் அறிஞர் வாயுறுப்பின் அமைப்பையே அளவுகோலாகக் கொண்டு துடுப்புக்காலிகளைப் பகுத்தார். குழல்வாய் உடையன ஒரு பிரிவாயின. அப்பிரிவு இன்றும் வழங்குகின்றது.

இவற்றின் வாழ்க்கையும் வியக்கத்தக்கது. கலிகஸின் குஞ்சு சிலநாள் இரையின்றி நீந்தி, மீனொன்றை எதிர்ப்பட்டதும் அதனைப் பற்றும். நெற்றியினின்று சுரக்கும் இழையொன்றால் தன்னை மீனோடு பிணைத்துக்கொண்டு பலமுறை தோலுரித்து வளரும். முதிர்ந்தபின் பிணிப்பு நீங்கித் தோல்மேல் உலாவும். சைமோதோவாவின் வாழ்வோ இன்னும் விந்தையானது. அதன் குஞ்சுகள் தாயின் வயிற்றுப்புறப் பையிலே வளர்ந்து வெளிவரும். அவை முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னரே பெண்ணாக மாறும். மீன்வாயில் இரண்டு சேர்ந்திருப்பின், பெரியது பெண்ணெனவும் சிறியது ஆணெனவும் பெரும்பாலும் கொள்ளலாம்.

இனி, மேனாட்டு ஆய்வுகூடங்களில் வளர்ந்த இவ்வறிவு அரிப்புக் கடலை அடைந்தவாற்றைக் கூறுவோம். இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கையறிஞருமாகிய கெலாட் 1857ஆம் ஆண்டு தொடங்கி முத்துச்சிப்பியைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். சிப்பியினுட் புகும் புழுக்களே முத்துண்டாதற்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. 1891க்குப் பின் முத்துக்குளிப்பு நிகழாது பார்கள் வறுமையுற, அரசு இலிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மனை வரவழைத்தது. அவர் 1902ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹோர்ணெல் என்பாரோடு வந்து, கப்பலேறி முத்துப்பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயல் சங்கம் வெளியிட்ட அவரது அறிக்கை, மன்னார்க் கடலின் உயிர்நூல் எனத் தகும். 'பார்' என்னும் நம் தமிழ்ச்சொல் அவ்வாங்கில அறிக்கையில் அவ்வாறே வழங்குதல் காணலாம்.

முத்தைத் தேடியவர் மீனை ஆராய்ந்ததேன் என வினவலாம். சிப்பியினுட் காணப்பட்டது நாடாப்புழுவொன்றின் இளம்பருவமென்றும், சிப்பியைத் தின்னும் கிளாத்தி, திருக்கை முதலிய மீன்களின் வயிற்றில் அது முதிருமென்றும், அவ்விளம்புழுவைச் சூழ்ந்தே நன்முத்து உருவாகுமென்றும் ஹேர்ட்மனும் ஹோர்ணெலும் கொண்டனர். ஆதலின் மீன்களின் ஒட்டுண்ணிகளும் அவர்தம் ஆய்வுப்பொருளாயின. மருந்தாளரான ஐசக் தொம்சனும் அந்திரூ ஸ்கொட்டும் எழுதிய துடுப்புக்காலிகளைப் பற்றிய பகுதி 1903இல் வந்தது. இவருள் ஸ்கொட், மீன் ஒட்டுண்ணிகள் இரண்டனைப் பற்றி 1901இலேயே தனிநூல் இயற்றியவர். சமகாலிகளைப் பற்றி ஸ்ரெபிங் எழுதிய பகுதி 1905இல் வெளியாயிற்று.

இனி விளைவை நோக்குவோம். அரசு 1906இல் முத்துப்பார்களை இருபதாண்டுக் குத்தகையாகக் கம்பனியொன்றிடம் ஒப்படைத்தது. 1907க்குப்பின் பல்லாண்டு குளிப்பே நிகழவில்லை. நாடாப்புழுக் கொள்கையும் நிலைக்கவில்லை. 1912ஆம் ஆண்டில் ஜேம்சன் என்பார் இலங்கை முத்துக்களை ஆராய்ந்து அதனை வன்மையாக மறுத்தார். சிப்பியின் மேலுறைத் திசுவிலுள்ள உயிரணுக்கள் இடம்பெயர்ந்து பையாகச் சூழ்வதே முத்துக்குக் காரணமென்பது இன்று துணிந்த முடிபு. அவ்வறிவைக் கொண்டே 1973இல் தூத்துக்குடியில் இந்திய அறிஞர் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். எதனை நாடி அத்துணைப் பொருளும் உழைப்பும் செலவாயினவோ அது பொய்த்தது. வழியிற் கிடைத்ததென ஒருபுறம் வைத்த சிற்றுயிர்க் குறிப்புகளோ நூற்றாண்டு கடந்தும் அறிஞரால் எடுத்தாளப்படுகின்றன. கொள்கை கண்ணைக் கவரும். கவனித்து எழுதிய குறிப்போ காலத்தை வெல்லும்.

அப்பணியைப் பின்னர் நம்நாட்டவரே மேற்கொண்டனர். கொழும்பிலே விலங்கியல் கற்பித்த பராக்கிரம கீர்த்திசிங்க அவர்கள் 1932 முதல் இலங்கை மீன்களின் துடுப்புக்காலிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி, 1964இல் அனைத்தையும் தொகுத்து மீளாய்வு செய்தார். கேரளத்து அறிஞர் என். கிருஷ்ணபிள்ளையின் இந்தியக் கடல்மீன் துடுப்புக்காலிகளைப் பற்றிய பெருநூல் 1985இல் வெளிவந்தது. வகைப்பாடும் நின்றுவிடவில்லை. ஆர்குலஸைத் துடுப்புக்காலிகளினின்று பிரித்துத் தனியினமாக்கினர். ஊர்வனவற்றின் நுரையீரலில் வாழ்ந்து புழுவெனவே கருதப்பட்டுவந்த நாப்புழுக்கள், அவ்வார்குலஸின் நெருங்கிய சுற்றமென 1972இல் விந்தணுவின் அமைப்பும், 1989இல் மரபணு ஆய்வும் காட்டின. லின்னேயஸ் இடறிய இடத்தில் அறிவுலகம் மீண்டுமொருமுறை இடறி எழுந்தது எனலாம்.

இவ்வுயிர்களால் நமக்கு ஆவதென்ன எனின், கூறுவோம். பரந்த கடலில் ஒரு மீனின்மேல் ஓரிரண்டாக இருப்பன, கூண்டுகளில் நெருக்கி வளர்க்கும் மீன்களிடையே விரைந்து பெருகிப் பேரிழப்பை விளைக்கும். நோர்வேயின் சால்மன் வளர்ப்போர் இதனை நன்கறிவர். கொடுவா முதலிய மீன்களை வளர்க்க முற்படும் நம்மவர்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது.

பிறிதொன்றும் உண்டு. வலையுதறும்போது மீனின் வாயிலும் செவுளிலும் இவற்றை நாள்தோறும் காண்பவர் நம் கடற்றொழிலாளர். எம்மீனில், எப்பருவத்தில், எவ்வளவாகத் தோன்றுமென்பதைக் கண்ணாரக் காண்பவர் அவரே. எனினும் அவர் கண்டவை ஏடேறவில்லை. கப்பலில் வந்து சில திங்கள் தங்கியோர் எழுதியவையே நமக்கு நூலாயின. நம் மாணவர் கரைக்குச் சென்று, தொழிலாளரிடம் பணிவோடு கேட்டு, கண்டதைக் கண்டவாறு தமிழிற் குறித்துவைப்பாராயின் இக்குறை நீங்கும். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கைவில்லையொன்றும் குறிப்பேடொன்றும் பொறுமையுமே வேண்டும். அரிப்புக் கடலின் முத்து அருகிப்போயினும், கற்பதற்குரியது அங்கு இன்னும் அருகவில்லை.