ரீச்சர் ஏன் விசாரிக்கிறார்?



பிள்ளையின் கையில் கண்டல் காயத்தைக் கண்ட ரீச்சர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டால் எங்கள் வீடுகளில் நித்திரை போய்விடும். சீருடைக்காரரின் விசாரணைக்குப் பயந்து வந்த சனம் நாங்கள்; பயம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதைத்தான் இம்மாதம் பேசவிரும்புகிறேன்.

1962 இல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவரது சகாக்களும், பெற்றோராலும் பராமரிப்போராலும் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் முறையிடும் சட்டங்களை இயற்றின.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதென்று நம்பும் எவரும் பொறுப்பான அரச அமைப்புக்கோ பொலிசுக்கோ அறிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் அறிவித்தவரை 16 ஆம் பிரிவு காக்கிறது. அதே சட்டம் உறவினரைக் கூட்டி முடிவெடுக்கும் குடும்ப மாநாட்டையும் கொண்டுவந்தது. 1990 இல் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி நின்றது. அடித்த கையே அடிபட்ட பிள்ளையைக் கவனிக்கும் கையாக மாறவேண்டிய காலம் அது.

அறிவிப்பதைக் கட்டாயமாக்குவதா என்று விவாதித்த நாடாளுமன்றம், 1994 திருத்தத்தில் அதை ஏற்கவில்லை. விழிப்புணர்வூட்டுவதும் நெறிமுறைகள் வகுப்பதும் போதுமென்று எண்ணியது. 2007 இல், திருத்துவதற்காக அடித்தேன் என்று பெற்றோர் சொல்லும் சட்டப் பாதுகாப்பும் நீங்கியது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம், துன்புறுத்தலை அடையாளங்கண்டு அறிவிப்பது எப்படியென்று எழுத்தில் வைத்திருக்கும்படி பள்ளிகளைப் பணித்தது.

கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஐந்தொகையில் தொகை இருப்பதால் பெட்டியில் காசு இருக்கிறதென்று அர்த்தமில்லை. 2021 இல் தவுரங்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பராமரித்தவரால் கொல்லப்பட்டான். அவன் போய்வந்த பாலர் நிலையத்தில் காயங்களைக் கண்டிருந்தார்கள், ஆனால் அறிவிக்கவில்லை. டேம் கரென் பவுட்டாசியின் 2022 அறிக்கை, பிள்ளைகளோடு பணியாற்றுவோர் அறிவிப்பதைக் கட்டாயமாக்கவும் அவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி கொடுக்கவும் கேட்டது.

நல்ல பயிற்சி சொல்லிக்கொடுப்பது எளிமையானது. ஒரு காயத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதே. திடீர் மௌனம், ஓயாத பசி, வீட்டுக்குப் போகப் பயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார். பிள்ளை பேசினால் குறுக்கிடாமல் கேள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே. பிள்ளை சொன்ன சொற்களையே திகதியுடன் எழுதி, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் கொடு. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது ரீச்சரின் வேலையல்ல.

"அடியாத மாடு படியாது" என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இலங்கையே 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டத்தை இயற்றியது. ஆகவே இது வெள்ளைக்காரரின் வழக்கம் மட்டுமல்ல.

ரீச்சர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கும் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை: 15 ஆம் பிரிவு "எவரும்" என்கிறது. அதில் நாங்களும் அடக்கம். எங்கள் பள்ளிகளின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பயிற்சியையும் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்போம்.